வீட்டுவேலை யாருடைய வேலை?



தவணைப் பரீட்சைப் புள்ளிகள் வீட்டுக்கு வரும் நாளில் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி எது? "எத்தனையாம் பிள்ளை?" என்பதே. "என்ன கற்றாய்?" என்ற கேள்வி பல வீடுகளில் எழுவதேயில்லை. ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் வீட்டுவேலையையும் கணிப்பீட்டையும் பற்றி இவ்வாரம் சிந்திப்போம்.

1. பிழையும் ஒரு செய்தியே

வகுப்பில் கற்றதைத் தனியே செய்து பார்ப்பதற்காகவே வீட்டுவேலை கொடுக்கப்படுகிறது. 27ஐயும் 15ஐயும் கூட்டி 312 என்று ஒரு பிள்ளை எழுதுகிறது என வைத்துக்கொள்வோம். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. இரண்டும் ஒன்றும் மூன்று. கூட்டத் தெரிகிறது, பத்து ஒன்றுகள் ஒரு பத்தாகும் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை. மறுநாள் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை இப்பிழை ஆசிரியருக்குச் சொல்லிவிடுகிறது. தாயோ அண்ணனோ அதை அழித்து 42 என்று எழுதிவிட்டால், கொப்பியில் 'சரி' விழும். பிள்ளையின் குறையோ மறைந்துவிடும்.

2. அளக்கப்படுவது பிள்ளையா, வீடா?

கண்டி நகரில் படித்த பெற்றோர் அருகிலிருந்து சொல்லிக்கொடுப்பர், டியூசனும் உண்டு. ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களிலோ, பகலெல்லாம் கொழுந்து பறித்த தாய், மாலையில் வந்துதான் அடுப்பு மூட்டுகிறாள். ஒரே காம்பராவில் சமையல், உறக்கம், படிப்பு எல்லாம் நடக்கின்றன. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைத்தொலைபேசியில் வந்தபோது, தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கியதை நாமெல்லாரும் கண்டோம். பெற்றோர் உதவியின்றிச் செய்ய முடியாத வீட்டுவேலை, பிள்ளையின் அறிவை அளப்பதில்லை. வீட்டின் வசதியையே அளக்கிறது.

3. இருநூறு புள்ளிகள்

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை, வறிய பிள்ளைகளுக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையில் இடமும் தேடிக்கொடுக்கும் நன்னோக்கம் கொண்டது. ஆயினும் 200 புள்ளிகளில் வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பத்து வயதுப் பிள்ளையைத் 'தோற்றவன்' என்று அழைக்க நமக்கு உரிமை தந்தவர் யார்? 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், ஆசிரியர் பிள்ளையை வகுப்பறையில் நாள்தோறும் கவனித்துத் தேர்ச்சியைக் கணிக்க வேண்டும் என்றது. நாமோ ஒரு நாட் பரீட்சையையே பெரிதாகப் பிடித்துக்கொண்டோம்.

4. நற்செய்தியின் அளவுகோல்

மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் தாலந்து உவமையைக் காண்கிறோம். தலைவன் அவனவன் திறமைக்கேற்பக் கொடுத்தான். ஐந்து பெற்றவன் மேலும் ஐந்து ஈட்டினான். இரண்டு பெற்றவன் மேலும் இரண்டு. தொகை வேறு, ஆனால் இருவருக்கும் கிடைத்த பாராட்டு ஒன்றே! மூன்றாமவன் கண்டிக்கப்பட்டது குறைவாகப் பெற்றதற்காக அன்று. பயந்து அதைப் புதைத்ததற்காக. புள்ளிக்காக அடியும் ஏச்சும் பெறும் பிள்ளையும் இப்படித்தான் தன் தாலந்தைப் புதைக்கக் கற்றுக்கொள்கிறது.

5. நாம் செய்யக்கூடியவை

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. எழுத்தறியாத தாய்க்கும் இது பொருந்தும். "இன்று படித்ததை எனக்குச் சொல்லு மகன்" என்று கேட்டு, பத்து நிமிடம் செவிமடுத்தாலே போதும். ஆசிரியர்கள் குறைவாகக் கொடுத்து, கொடுத்ததைக் கவனமாகத் திருத்துவார்களாக. பங்குகளில் மாலையில் பூட்டிக் கிடக்கும் மண்டபத்தைத் திறந்து, ஒரு விளக்கும் மேசையும் கொடுத்து, மூத்த மாணவர் ஒருவரைத் துணைக்கு அமர்த்தலாம். செலவு சிறிது, பலன் பெரிது.

அன்பியக் கூட்டங்களில் சிந்திக்க:

அ. நம் பிள்ளையின் கொப்பியில் இருப்பது யாருடைய கையெழுத்து?

ஆ. பிள்ளை பிழைவிடும்போது நம் வீட்டில் முதலில் எழுவது கேள்வியா, கோபமா?

இ. படிக்க இடமில்லாத பிள்ளைகள் நம் பங்கில் எத்தனை பேர்? அவர்களுக்காக இம்மாதமே நாம் செய்யக்கூடியது என்ன?