பானையில் ஒரு பிடி மாவு

கேள்வி: ஐயா, என் கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். பீஸ் ரேட்தான். ஆர்டர் இருந்தால் சனிக்கிழமை முழுச் சம்பளம், இல்லாவிட்டால் பாதிகூடத் தேறாது. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், மகளிர் குழுத் தவணை வேறு. ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று வாய் சொல்கிறது; ராத்திரி தூக்கம் வருவதில்லை. இது அவிசுவாசமா? சேர்த்து வைப்பதே தப்பு, எடுத்து வைத்த மன்னா புழுத்துப்போனதே என்கிறார்கள். போன மாதம் ஒரு கூட்டத்தில், கொடுத்தால் பல மடங்காகத் திரும்பும் என்று கேட்டு, 3,000 ரூபாய் பொருத்தனை செய்துவிட்டேன். மிச்சமிருப்பது காதில் உள்ள தோடுதான். அடகு வைக்கட்டுமா?
— ஒரு சகோதரி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில், தோட்டைக் கழற்றாதீர்கள்.

காணிக்கை கேட்பவர்கள் விரும்பி எடுக்கும் கதை சாறிபாத் விதவையின் கதை (1 இராஜாக்கள் 17). பஞ்ச காலம். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். விறகு பொறுக்க வந்தவளிடம், முதலில் தனக்கு ஒரு சிறு அடை சுட்டுத் தரச் சொல்கிறார் எலியா. பிரசங்கம் இந்த இடத்தில் நின்றுவிடும், காணிக்கைப் பை சுற்றி வரும். நீங்கள் மேலே வாசியுங்கள். கேட்டவர் வாங்கித் தின்றுவிட்டு நடையைக் கட்டவில்லை. அந்த வீட்டிலேயே தங்கி, அதே பானையிலிருந்து அவளோடும் அவள் வீட்டாரோடும் பல நாள் சாப்பிட்டார். அவள் பிள்ளை இறந்த அன்று மன்றாடவும் கூட இருந்தார். உங்களிடம் 3,000 கேட்டவர் அடுத்த வாரம் உங்கள் வீட்டுக் கஞ்சிக்கு வருவாரா?

இன்னொன்று. அந்தப் பானை நிறையவே இல்லை. தீர்ந்துபோகவில்லை, அவ்வளவுதான். காலையில் மூடியைத் திறந்தால் அடியில் கொஞ்சம் மாவு. மறுநாளும் அதே கொஞ்சம். அவள் கை நடுங்காமலா திறந்திருப்பாள்? நூறாவது நாளும் பயந்திருப்பாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பயந்துகொண்டே அடுப்பைப் பற்றவைத்திருப்பாள். உங்கள் தூக்கம் போனதை அவிசுவாசம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு முன் எலியா தண்ணீர் குடித்துவந்த கேரீத் ஆறு, கர்த்தரே காட்டிய ஆறு, அதுவும் வற்றித்தான் போனது. ஆர்டர் நின்றதற்கு உங்கள் பாவம்தான் காரணம் என்று யாராவது சொன்னால் அந்த ஆற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

மன்னா புழுத்தது மெய்தான். ஆனால் அதே அதிகாரத்தில் ஆறாம் நாள் இரட்டிப்பாகச் சேர்த்து வைக்கச் சொன்னதும், அது கெடாமல் இருந்ததும் எழுதியிருக்கிறது (யாத்திராகமம் 16). அதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

விசுவாசி கணக்குப் பார்க்கக் கூடாது என்பதும் இப்படி அரைகுறையாகக் கேட்ட பேச்சுதான். பிரிஸ்டல் நகரில் 19-ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மனிதரிடம் கையேந்தாமல் ஜெபத்தாலேயே நடத்தினார் என்பார்கள். வந்த காசையெல்லாம் எழுதிவைத்து ஆண்டறிக்கையாக அச்சிட்டவரும், கடனே வாங்க மறுத்தவரும் அவர்தான். (அந்த அறிக்கையைப் படித்துத்தான் பலர் பணம் அனுப்பியிருப்பார்கள் என்று குறும்பாகச் சொல்லலாம். சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது?)

ஒரு நோட்டு போடுங்கள். சனிக்கிழமை இரவு கணவரும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து அரிசி, வாடகை, தவணை, பள்ளிக்கூடம் என்று எழுதிவிட்டு, அந்த நோட்டை நடுவில் வைத்தே ஜெபியுங்கள். தவணை தவறும் என்று தெரிந்தால் குழுத் தலைவியிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஒரு கடனை அடைக்க வாரவட்டிக்காரரிடம் மட்டும் போகாதீர்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது; வந்தும் அவர்கள் வாசலில் நிற்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

எல்லார் வீட்டுப் பானையும் தானாகவே தீராமலிருக்கும் என்று எழுத எனக்குத் துணிவில்லை. எருசலேமில் இருந்த விசுவாசிகளே வறுமையில் வாடினார்கள். அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று பவுல் சொல்லவில்லை; அவர்களுக்காகக் கொரிந்து சபையிடம் பணம் கேட்டார், அதற்கு இதே மன்னா கதையைத்தான் எடுத்துக்காட்டினார் (2 கொரிந்தியர் 8). ஆகவே உங்கள் நிலைமை சபையில் நாலு பேருக்குத் தெரியட்டும். பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவருக்குத் தெரிந்தால்தானே அவர் கை நீளும்?

கொடுக்காமல் மனம் தவித்தால், நெல்லைப் பக்கத்துச் சபைகளில் பெண்கள் உலை வைக்கும்போது எடுத்து வைப்பார்களே பிடியரிசி, அப்படி எடுத்து வையுங்கள். பொருத்தனையைப் பற்றி உங்கள் போதகரிடம் மனம் திறந்து பேசிவிடுங்கள், பள்ளிக் கட்டணத்தைப் பற்றியும் சேர்த்து. நேரில் சொல்ல வாய் வரவில்லையென்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் கையில் கொடுங்கள்.