புதுப்பேட்டையில் இக்னிஷன் பாகம் வாங்கப் போகிறவர்களுக்கு

பெட்ரோல் அம்பாசிடரையோ கார்புரேட்டர் மாருதி 800-ஐயோ இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர் என்றால், பழைய வாகன பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்கு ஒருநாள் நீங்கள் போகத்தான் வேண்டியிருக்கும். இரண்டு வண்டிகளின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டது. எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கூவத்தை ஒட்டிய குறுகல் தெருக்களில் இன்ஜினும் கியர்பாக்ஸும் கதவுமாகக் கடை வாசல்வரை குவிந்திருக்கும் என்பதால் காரை உள்ளே கொண்டுபோக வேண்டாம். நல்ல பகல் வெளிச்சத்தில் போங்கள். டார்ச், மல்டிமீட்டர், துடைக்க ஒரு துணி, ஒரு சாண் ரப்பர் குழாய், இவற்றோடு உங்கள் வண்டியிலிருந்து கழற்றிய பாகமும் கையில் இருக்கட்டும். வண்டியின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் ஏமாற வாய்ப்பு அதிகம். அம்பாசிடரிலேயே 1489 சிசி பழைய இன்ஜினும் உண்டு, 1817 சிசி இசுசு இன்ஜினும் உண்டு. ஒன்றின் டிஸ்ட்ரிபியூட்டர் மற்றதில் உட்காராது. டீசல் அம்பாசிடரில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் நடுத்துளை போக மூன்று துளைகள் இருந்தால் 3 சிலிண்டர், நான்கு இருந்தால் 4 சிலிண்டர். அதற்கு மேல் ஷாஃப்டின் அடிமுனை, பல்சக்கரத்தின் பற்கள், உடம்பில் பொறித்த பார்ட் நம்பர் என ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் உறுதி.

எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்பதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தப் பாகம் எப்படிக் கெடும்? உராய்ந்து தேய்ந்து கெடுவதென்றால் அந்தத் தேய்மானம் கைக்கும் கண்ணுக்கும் அகப்படும். அதைப் பழையதாக வாங்கலாம். சூட்டிலும் உயர் மின்னழுத்தத்திலும் உள்ளுக்குள் கெடுவதென்றால் கடை வாசலில் நின்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதைப் புதிதாக வாங்குங்கள். இப்படிப் பிரித்துப் பார்த்தால், காயலான் கடையில் தேடத் தகுந்தது டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பும் ஷாஃப்டும்தான். பாயிண்ட், கண்டன்சர், ரோட்டர், பிளக் ஒயர், பிளக் எல்லாம் விலை குறைந்தவை, மாற்றுவதற்கென்றே செய்தவை. அவற்றைப் பழையதாக வாங்கி மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கையில் எடுத்ததும் கேப்பைக் கழற்றிவிட்டு, ஷாஃப்டின் தலையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ‘டொக் டொக்’ என்று ஆடினால் புஷ் போய்விட்டது. கொஞ்சம்தானே ஆடுகிறது என்று கடைக்காரர் சொல்வார். பாயிண்ட் இடைவெளியே சுமார் 0.4 மி.மீ.தான், ஷாஃப்ட் 0.1 மி.மீ. சாய்ந்தாலே அதில் கால் பங்கு மாறிவிடும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி வெவ்வேறு நேரத்தில் விழும், எப்படி டைமிங் வைத்தாலும் ஐட்லிங் சீராக நிற்காது. அடுத்து ரோட்டரை அது சுற்றும் திசையில் லேசாகத் திருகி விடுங்கள். உள்ளே எடைகளும் ஸ்பிரிங்குகளும் நன்றாக இருந்தால் சட்டென்று தன் இடத்துக்குத் திரும்பும். திருகிய இடத்திலேயே நின்றால் துருவோ காய்ந்த கிரீஸோ பிடித்திருக்கிறது. சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். வாக்குவம் குப்பியில் உங்கள் குழாயைச் செருகி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். உள்ளே தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். நகர்ந்து மெல்லத் திரும்பினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

கேப்பின் உட்புறத்தைத் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்குப் பென்சிலால் கிறுக்கியதுபோல, வேர் படர்ந்ததுபோல, மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் அதன் வழியே மின்சாரம் ஏற்கெனவே கசிந்து பிளாஸ்டிக்கைக் கரியாக்கியிருக்கிறது. சுரண்டினாலும் அந்தக் கேப் தேறாது. கோடு இல்லாத ஒரிஜினல் கேப், நடுவிலுள்ள கரி முனை உடையாமல் இருந்தால், வாங்கத் தகுந்ததே. தேய்மான விதிக்கு இது ஒரு விலக்கு. காரணம், இதில் கெட்டது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

காயில் விஷயத்தில்தான் வாதம் வரும். மீட்டரில் சரியாகக் காட்டினால் வாங்கலாமே என்று கேட்பீர்கள். மீட்டர் அளப்பது சில வோல்ட்டில்; காயில் வேலை செய்வது இருபதாயிரம் வோல்ட்டையும் தாண்டி. உள்ளே காப்பு உரிந்திருந்தால் குளிர்ந்த நிலையில் மீட்டருக்கு அது தெரியாது, இன்ஜின் சூடேறி அரை மணி நேரம் ஓடிய பிறகுதான் வண்டி நிற்கும். பேட்டரி வைத்துத் தீப்பொறியே காட்டுகிறார்களே என்றால், அது திறந்த காற்றில் விழும் பொறி. சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும். மீட்டர் ஒன்றுக்கு உதவும்: தவறான காயிலை ஒதுக்க. பாயிண்ட் வைத்த 12 வோல்ட் வண்டிக்கான காயிலின் பிரைமரி சுமார் 3 ஓம் காட்டும். 1.5 ஓம் காட்டினால் அது தனி ரெசிஸ்டரோடு ஓடும் காயில். ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் மாட்டினால் கரண்ட் இரட்டிப்பாகிப் பாயிண்ட் கருகிவிடும்.

புது டூப்ளிகேட் டிஸ்ட்ரிபியூட்டர் குறைந்த விலையில் கிடைக்கும்போது பழைய உடம்பு எதற்கு என்ற கேள்வியும் நியாயமானதே. எடைகளும் ஸ்பிரிங்குகளும் அந்த இன்ஜினுக்கென்று கணக்கிட்டுச் செய்தவை. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் டூப்ளிகேட்டில் அந்தக் கணக்கு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க உங்களுக்கு வழியில்லை. தேய்ந்த புஷ்ஷையாவது விரலால் அறியலாம். அதனால் லூகாஸ் டிவிஎஸ் போன்ற பெயர் உடம்பிலேயே பொறித்திருக்கிறதா என்று பாருங்கள், ஸ்டிக்கரை நம்பாதீர்கள். மைக்கோ என்ற நிறுவனப் பெயர் 2008-இல் பாஷ் ஆனது. ஆகவே மைக்கோ முத்திரையோடு பளபளக்கும் ‘புது’ச் சரக்கைக் கண்டால் இரண்டு முறை யோசியுங்கள்.

ஒன்றை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்: சாவியோடு கூடிய இக்னிஷன் ஸ்விட்ச். அதன் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. இம்மொபிலைசர் உள்ள புதிய கார்களில் அந்தச் சாவியால் வண்டி கிளம்பவும் செய்யாது. திருட்டுப் பொருளாக இருக்குமோ என்ற அச்சத்துக்கும் இங்கேதான் அதிக இடமுண்டு. எதை வாங்கினாலும் பார்ட் நம்பர் எழுதிய பில் கேளுங்கள், மறுக்கும் கடையை விட்டுவிடுங்கள். பொருந்தாவிட்டால் எத்தனை நாளில் திருப்பித் தரலாம் என்பதையும் அந்த பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ திரும்புவதானால் டிஸ்ட்ரிபியூட்டரை வாக்குவம் குப்பி மேல்நோக்கி இருக்கும்படி துணியில் சுற்றிப் பையில் வையுங்கள்; அதன் மெல்லிய கம்பி வளைந்துவிட்டால் பார்த்துப் பார்த்து வாங்கியது வீணாகும்.