நடுவர் யார்?

‘கடன் அன்பை முறிக்கும்’ என்பது கடைவீதிப் பழமொழி. ஆயினும் கடனின்றி இன்று தொழில் இல்லை. எங்கள் திருநீர்மலையிலும் அடுத்துள்ள பம்மல், குரோம்பேட்டைப் பகுதிகளிலும் சுமை ஆட்டோ வாங்குவோர் பலர் நிதி நிறுவனத்தின் துணையையே நாடுகின்றனர். அத்தகைய கடன்களுக்கான அச்சடித்த ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரு விதி இருக்கும். தகராறு எழுந்தால் நடுவர் ஒருவர் தீர்த்து வைப்பார் என்பதே அது. அந்த நடுவரை நியமிப்பவர் யார்? இவ்வொரு வினாவையே இங்கு ஆராய விழைகிறேன்.

நடுவர் முறை

1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1996இல் புதிய நடுவர் தீர்ப்புச் சட்டம் வந்தது. வழக்கு விரைந்து முடிய வேண்டும் என்பது அதன் நோக்கம். நடுவரின் தீர்ப்பை நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றலாம். அதனைக் கொண்டு வீட்டையும் வண்டியையும் ஜப்தி செய்யவும் இயலும். இத்துணை அதிகாரம் படைத்தவரைக் கடன் கொடுத்தவரே தனித்துத் தேர்ந்தால் கடன் வாங்கியவரின் கதி என்ன?

சட்டம் சொல்வது

2015ஆம் ஆண்டுத் திருத்தம் 12(5) என்னும் உட்பிரிவைச் சேர்த்தது. ஒரு தரப்பினரோடு தொழில் முதலிய நெருங்கிய தொடர்புடையவர் நடுவராக இருத்தலாகாது. தகராறு எழுந்த பின்னர் இரு தரப்பாரும் எழுத்து மூலம் இசைந்தால் மட்டுமே விலக்கு உண்டு. வழக்கின் முடிவில் நலன் உடையவர் தனி நடுவரை நியமிக்கவும் கூடாது என்று 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது.

கல்கத்தாத் தீர்ப்பு

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோழமண்டலம் நிதி நிறுவனம், அம்ரபாலி எண்டர்பிரைசஸ் மீது பெற்ற நடுவர் தீர்ப்பை நிறைவேற்றித் தருமாறு கல்கத்தா உயர்நீதிமன்றத்தை நாடியது. நடுவரை நியமித்தது நிறுவனம் மட்டுமே. நீதிபதி சேகர் சராஃப் 14-3-2023 அன்று அம்மனுவை ஏற்க மறுத்தார். தகுதியற்ற நடுவர் அளித்தது சட்டத்தின் கண்ணில் தீர்ப்பே அன்று என்பது அவர் முடிவு.

கடன் தீர்ந்ததா?

இல்லை. இங்கே பிழையானது நடுவர் நியமனமே. முறையான நடுவர்முன் கடன் கொடுத்தவர் மீண்டும் உரிமை கோரலாம். வாங்கிய கடனைத் திருப்பித் தருவதே அறம்; அதை அளந்து சொல்பவர் இருவருக்கும் பொதுவானவராக இருப்பதும் அறமே.

மாணவ நண்பர்களே, நம் வீட்டுக்கு நடுவரின் கடிதம் வந்தால் அதை அலமாரியில் செருகிவிடலாகாது. நியமனத்தில் ஆட்சேபம் இருப்பின் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தீர்ப்பு கிடைத்தால் அதை நீக்கக் கோர மூன்று மாதமே தவணை. தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாள். படித்த பிள்ளை உள்ள வீட்டில் அந்தத் தவணை வீணே கழியலாமா?