மருத்துவமனைக் குழாயடி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

“சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். மருத்துவமனைத் தண்ணீரில் மட்டும் கிருமி எங்கிருந்து வரும்?”

முதல் பாதி முழு உண்மை. பொதுப் பயனீட்டுக் கழகம் அனுப்பும் நீர் உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் நெறிகளுக்கு உட்பட்டது. வழியில் கிருமி வளராதிருக்கக் குளோரமின் என்ற கிருமிநாசினியும் கலந்து வருகிறது. ஆனால் குடிநீர் என்றால் ஒரு நுண்ணுயிர்கூட இல்லாத நீர் என்று பொருளில்லை. நல்ல உடம்பை ஒன்றும் செய்யாத அளவில் சில இருக்கவே செய்யும். அவை பெருகுவது கட்டடத்துக்குள் வந்த பிறகு: கூரைத் தொட்டியில், ஆளில்லாத அறையின் ஷவரில், வார்டைப் புதுப்பித்தபோது முனையை அடைத்துவிட்டு மறந்துபோன குழாய்த் துண்டில். தண்ணீர் நின்றால் குளோரமினின் வீரியம் குறையும். குழாயின் உட்சுவரில் வழவழப்பாக ஒரு படலம் படியும். அதற்குள் பதுங்கிய கிருமியைக் குளோரமின் எளிதில் எட்டாது.

இதைப் புரிந்துகொண்டால், கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீர் மீதான சந்தேகமும் தீரும். நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடுபரவல், புற ஊதாக்கதிர் என மூன்று கட்டம் தாண்டி வரும் நீர் அது. பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கும் குளிரூட்டலுக்கும் போகிறது. கவலைப்பட வேண்டிய இடம் சுத்திகரிப்பு ஆலை அல்ல, கட்டடத்தின் கடைசிச் சில மீட்டர் குழாய்.

“வெந்நீர்க் குழாயைக் கவனித்தால் போதும், பச்சைத் தண்ணீரில் பயமில்லை.”

நம் ஊருக்கு இது பொருந்தவே பொருந்தாது. லெஜியோனெல்லா என்ற கிருமி நிமோனியாவை உண்டாக்கும். 1976ல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் கூடிய ஓட்டலில் பரவியபோதுதான் அந்த நோய் உலகத்தின் கண்ணில் பட்டது. காரணமான கிருமி அடுத்த ஆண்டு அடையாளம் காணப்பட்டது. ஏறத்தாழ 20 முதல் 45 பாகை செல்சியஸ் வரை அது வளரும். அதனால்தான் பிரிட்டிஷ் மருத்துவமனை நெறிகள் வெந்நீரை 60 பாகையில் சேமிக்கவும், பச்சைத் தண்ணீரை 20 பாகைக்குக் கீழே வைக்கவும் சொல்கின்றன. சிங்கப்பூரில் நள்ளிரவில்கூட வெப்பம் 20 பாகைக்கு இறங்குவது அரிதிலும் அரிது. நம் பச்சைத் தண்ணீர்க் குழாய் ஆண்டு முழுக்க அந்தக் கிருமிக்கு ஏற்ற வெதுவெதுப்பில் இருக்கிறது. குளிர்நாட்டுக் கையேட்டை அப்படியே எடுத்து இங்கே பின்பற்றினால் பாதிப் பாதுகாப்பு காணாமல் போகும். எஞ்சுவது மற்ற வழிகள்தான்: நீரை நிற்கவிடாமல் ஓடவிடுவது, பயனற்ற குழாயை அடைக்காமல் வெட்டி எடுப்பது, கிருமிநாசினி கடைக்கோடிக் குழாய்வரை எட்டுகிறதா என்று அளப்பது, பலவீனமான நோயாளிகள் இருக்கும் இடத்தில் குழாய் முனையிலேயே வடிகட்டி பொருத்துவது. காலி அறைகளில் தினமும் குழாயைத் திறந்துவிட்டு மூடும் துப்புரவுப் பணியாளர் தண்ணீரை வீணாக்குவதாகச் சிலர் குறைபடுகிறார்கள். அவர் செய்வது தொற்றுத் தடுப்பு வேலை.

“கொதிக்கவைத்துக் குடித்தால் எல்லாம் சரி.”

வயிற்றுப்போக்குக்குச் சரி. லெஜியோனெல்லா பெரும்பாலும் மூச்சின் வழியே, ஷவரிலும் குளிரூட்டும் கோபுரத்திலும் எழும் நுண்திவலைகளில் ஏறி வருகிறது. வயதானவர்கள், புகைப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் எளிதில் மாட்டுகிறார்கள். ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பொதுவாகத் தொற்றாது.

“கை படாத சென்சார் குழாய்தான் சுத்தம்.”

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையும் அப்படி நம்பித்தான் பொருத்தியது. சோதித்துப் பார்த்தால், சென்சார் குழாய்களின் நீர் மாதிரிகளில் 50 விழுக்காட்டில் லெஜியோனெல்லா. கையால் திருகும் குழாய்களில் 15 விழுக்காடு. உள்ளே இருக்கும் சிக்கலான வால்வுகள் கிருமி ஒட்டிக்கொள்ள இடம் கொடுத்தன என்று கருதினார்கள். நோயாளிகள் இருக்கும் பகுதிகளிலிருந்து அவற்றைக் கழற்றினார்கள்.

“கைகழுவும் தொட்டியில் எதை ஊற்றினால் என்ன, எல்லாம் சாக்கடைக்குத்தானே போகிறது?”

இந்த நம்பிக்கைதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. ஏனென்றால் இதில் நம் கையும் இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் எலிசபெத்கிங்கியா என்ற கிருமி பரவியதை மருத்துவர்கள் ஆராய்ந்து, 2013ல் மருத்துவ இதழில் வெளிப்படையாக எழுதினார்கள். கட்டடத்துக்குள் வரும் நீரில் அந்தக் கிருமி இல்லை. கைகழுவும் இடத்துக் குழாய் வாய்களில் இருந்தது. அந்தத் தொட்டிகளில் நோயாளிகளின் கழிவுநீரை ஊற்றியிருந்தார்கள், கருவிகளை அலசியிருந்தார்கள். குழாய் வாயிலுள்ள சல்லடையை மாற்றியும் சுத்தம் செய்தும் பார்த்தார்கள், பலன் நிலைக்கவில்லை. அந்தத் தொட்டிகளைக் கைகழுவ மட்டும் ஒதுக்குவதே பரவலைத் தடுக்கும் முக்கிய வழியாக இருக்கலாம் என்று கருதினார்கள். தங்கள் குறையைத் தாங்களே எழுதி வைத்த அந்த மருத்துவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

சாக்கடைக்குள் போனது அங்கேயே இருந்துவிடுவதும் இல்லை. டொராண்டோ மருத்துவமனை ஒன்றில் 36 நோயாளிகளுக்குச் சூடோமோனாஸ் என்ற கிருமி தொற்றியபோது, தொட்டியின் வடிகாலில் ஒளிரும் சாயத்தை ஊற்றிக் குழாயைத் திறந்து பார்த்தார்கள். ஒரு மீட்டர் தூரம்வரை தெறித்திருந்தது. நோயாளியின் படுக்கையும் மருந்து தயாரிக்கும் மேசையும் அந்தத் தூரத்துக்குள்தான் இருந்தன.

தேக்காவில் இட்லி கட்டிக்கொண்டு டான் டோக் செங் மருத்துவமனைக்கோ கேகே மருத்துவமனைக்கோ உறவினரைப் பார்க்கப் போகிறோம். சாப்பிட்டு முடித்ததும் கட்டில் அருகே இருக்கும் தொட்டியிலேயே டிபன் கேரியரை அலசுகிறோம், மிச்சக் காப்பியையும் ஹார்லிக்ஸையும் அதிலேயே கொட்டுகிறோம். பாலும் சர்க்கரையும் வடிகாலில் இருக்கும் அந்தப் படலத்துக்கு நல்ல தீனி. பாத்திரத்தை மூடி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். மிச்சத்தை எங்கே ஊற்றலாம் என்று தாதியிடம் கேளுங்கள். அந்தத் தொட்டி கை கழுவ மட்டும்.

“குடிக்க ஏற்ற நீர் எதற்கும் ஏற்றது.”

டயாலிசிஸ் செய்துகொள்பவரைக் கேளுங்கள். ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கும் மேல் நீர், மெல்லிய சவ்வின் மறுபுறம் அவருடைய இரத்தத்தை ஒட்டி ஓடுகிறது. நம்மைக் காக்கும் அதே குளோரமின் அங்கே புகுந்தால் சிவப்பணுக்களை உடைக்கும். ஆகவே கார்பன் வடிகட்டியிலும் எதிர்ச் சவ்வூடுபரவல் கருவியிலும் செலுத்தி, சோதித்த பிறகே இயந்திரத்துக்கு விடுகிறார்கள்.

நின்ற நீரைப் பொறுத்தவரை வீட்டிலும் செய்ய ஒன்று உண்டு. டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வீட்டைத் திறக்கிறீர்கள். கீமோதெரபி எடுக்கும் அப்பாவோ மாற்றுச் சிறுநீரகம் பெற்ற அக்காவோ உடனிருக்கிறார். அவர் குளிக்கும் முன், ஜன்னலைத் திறந்து, ஷவர் தலையை வாளிக்குள் அமிழ்த்திப் பிடித்துச் சில நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். அந்த வேலையை வீட்டில் திடமாக இருப்பவர் செய்யட்டும்.