நிறை குறைப்போர் எந்த நிறையில் நிறுத்துவது?

உடல் நிறையைக் குறைக்கத் தொடங்கிய அன்பர்களிடம் "எத்தனை கிலோவுக்கு வர நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்றுதான் கிடைக்கும். ஒன்று, கல்யாணத்தின்போது இருந்த நிறை. மற்றது, எங்கோ ஓர் அட்டவணையில் கண்ட நிறை.

கல்யாண நிறையை முதலில் ஒதுக்கிவிடலாம். இருபத்தைந்து வயதில் இருந்த தசை ஐம்பதில் இருப்பதில்லை. பட்டினி கிடந்து அந்த எண்ணை எட்டினாலும், கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைந்திருக்கும்.

அட்டவணையின் கதை சற்று நீண்டது. அமெரிக்காவின் மெற்றோபொலிற்றன் ஆயுள் காப்புறுதி நிறுவனம் 1940களில் இத்தகைய அட்டவணைகளை வெளியிட்டு, 1959இலும் 1983இலும் திருத்தியது. அவை காப்புறுதி எடுத்தவர்களின் ஆயுட்கணக்கிலிருந்து பிறந்தவை. இன்று வைத்தியர்கள் பயன்படுத்துவது பி.எம்.ஐ. எனப்படும் உடற்திணிவுச் சுட்டி. கிலோவிலுள்ள நிறையை, மீற்றரிலுள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் அது கிடைக்கும். பொதுவாக 25க்கு மேல் போனால் நிறை கூடுதல் என்பார்கள்.

ஆனால் நம்மவர் உடலுக்கு 25 என்பது தாராளமான எல்லை. பூனாவைச் சேர்ந்த வைத்தியர் யாஜ்னிக், இலண்டன் வைத்தியர் யுட்கின் ஆகிய இருவரின் படம் 2004இல் 'லான்செற்' மருத்துவ இதழில் வந்தது. இருவரின் சுட்டியும் ஒன்றே: 22.3. பார்வைக்கு இருவருமே மெலிந்தவர்கள். ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்கிற்கு 21.2 வீதம்! தராசு ஒன்றைச் சொல்ல, உடல் வேறொன்றை வைத்திருக்கிறது. குண்டாகத் தோன்றாத நம் உறவினர் பலருக்கும் நாற்பது வயதிலேயே சீனி வருத்தம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அதே 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே கவனம் வேண்டும், 27.5இல் ஆபத்து அதிகம் என்று கூறியது.

ஓர் உதாரணம் பார்ப்போம். உயரம் 160 சென்ரிமீற்றர், நிறை 72 கிலோ உள்ள ஒரு தாயார். 1.6ஐ 1.6ஆல் பெருக்கினால் 2.56, 72ஐ அதனால் வகுத்தால் சுட்டி 28.1. 23க்கு வர வேண்டுமானால் அவர் 59 கிலோ ஆக வேண்டும். பதின்மூன்று கிலோ என்றதுமே மலைத்துப்போய், இரண்டாம் மாதமே கைவிடுவார். ஆகவே முதல் இலக்காக 59ஐ வைப்பது புத்தியன்று.

அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் (முடிவு 2002இல் வெளியானது) கொடுத்த இலக்கு 7 வீதம் மட்டுமே. அதோடு வாரம் 150 நிமிட உடற்பயிற்சி. நீரிழிவு வரும் ஆபத்து 58 வீதம் குறைந்தது. நமது உதாரணத் தாயாருக்கு 7 வீதம் என்பது ஐந்து கிலோ. 67இல் முதல் தரிப்பு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னையில் வைத்தியர் இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் சீராக்கியவர்களின் நிறை பெரிதாக மாறவேயில்லை. ஆயினும் ஆபத்து 28.5 வீதம் குறைந்தது. தராசு அசையவில்லை என்று நடையை நிறுத்துவோர் இதை அறிய வேண்டும்.

67இல் சில மாதங்கள் நிலைத்து நின்றபின், தராசை விட்டு அளவு நாடாவை எடுங்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. (வேட்டியும் சேலையும் எத்தனை பெரிய வயிற்றுக்கும் இடம் கொடுக்கும்; காற்சட்டைதான் உண்மை பேசும்.) இடுப்பு இன்னும் கூடுதலாக இருந்தாலோ, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்காவிட்டாலோ, அடுத்த மூன்று நான்கு கிலோவுக்குப் போகலாம். அவை சீராகி, வீட்டுச் சாப்பாட்டோடும் திருவிழாக் கால அன்னதானத்தோடும் அந்த நிறை தங்குமானால், 64 ஆயினும் 62 ஆயினும் அதுவே உங்கள் நிறை. இரண்டு கிலோ ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தே அதை எழுதி வையுங்கள்.

கந்தசஷ்டி விரத முடிவில் தராசு காட்டும் எண்ணை இலக்காகக் கொள்ள வேண்டாம். ஆறு நாளில் இறங்குவதில் பெரும்பங்கு நீர். பாரணைக்குப் பின் அது திரும்பி வரும். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்குமுன் குடும்ப வைத்தியரிடம் மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கும், தாமாகவே மெலிந்துவரும் முதியோருக்கும் இக்கணக்கு பொருந்தாது.