போர்க்களமும் புகைப்படமும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

போர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன துப்பாக்கியும் பீரங்கியும் டாங்கியும்தாம். காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போர்முனைக்குச் சென்ற வீரர்களும் உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சென்ற ஆண்டு வரை நானும் எண்ணிப் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் கலசப்பாக்கம். ரதசப்தமியன்று அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து செய்யாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் ஊர் என்றால் பலருக்கும் தெரியும். என் தந்தையார் ஆரணிப் பட்டு நெய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான் முதல். ஆகவே பாடத்தில் ஐயம் வந்தால் வீட்டில் கேட்க ஆள் இல்லை. ஒரு நாள் மாலை, குவிலென்சுக் கணக்கு ஒன்று புரியாமல் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். தெருக்கோடி வீட்டுப் பெரியவர் அவ்வழியே வந்தார். ஊரார் அவரை 'மிலிட்டரித் தாத்தா' என்பார்கள். என் குரலைக் கேட்டு நின்றவர், "தம்பி, தூரத்துப் பொருளுக்குக் குவியத் தூரம் கூடினா படம் பெருசாகும். இந்த ஒரு வரியிலதான் நான் பதினஞ்சு வருஷம் சோறு தின்னேன்" என்றார்.

அவர் விமானம் ஓட்டியவர் என்றே சிறுவயதில் நாங்கள் நம்பியிருந்தோம். உண்மையில் அவர் 1964 முதல் 1979 வரை விமானப் படையின் புகைப்படப் பிரிவில் பணியாற்றியவர். அன்று தொடங்கிய பேச்சு பல மாலைகள் நீண்டது. அவரிடம் கேட்டதையும், அதன்பின் நூலகத்தில் படித்து அறிந்ததையும் நண்பர்களுக்குச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோடிகள்

புகைப்படக் கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகளுக்குள்ளாகவே அது போர்க்களத்தை அடைந்துவிட்டது. 1855இல் ரோஜர் ஃபென்டன் என்ற ஆங்கிலேயர், குதிரை இழுக்கும் வண்டியையே இருட்டறையாக மாற்றிக்கொண்டு கிரீமியப் போருக்குச் சென்றார். அக்காலத்தில் ஒரு படம் பதியப் பல வினாடிகள் ஆகும். ஓடும் குதிரையும் வெடிக்கும் குண்டும் அப்படங்களில் பதியவில்லை. அசையாது நின்ற வீரர்களும் கூடாரங்களும் வெறும் பள்ளத்தாக்குமே பதிந்தன.

நம் தமிழ்நாட்டுக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. லின்னேயஸ் டிரைப் என்பவர் சென்னைப் படையில் கேப்டனாக இருந்தவர். 1855இல் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவுடன் சென்று படம் எடுத்தார். பின்னர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு, 1857 இறுதியிலும் 1858 தொடக்கத்திலும் திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களைப் படம் பிடித்தார். மெழுகு பூசிய காகிதமே அவருக்கு நெகடிவ். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அமைத்தார். செலவு மிகுதி என்று அரசு பின்னர் அப்பணியை நிறுத்திவிட்டது. ஆயினும் அவர் எடுத்த படங்கள் இன்றும் வரலாற்று ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன.

நினைவைச் சொன்ன வீரர்கள்

இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், பிரிட்டிஷ் தரைப்படை தனக்கென ஒரு திரைப்பட-புகைப்படப் பிரிவை அமைத்தது. படையிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பைன்வுட் என்ற சினிமா ஸ்டூடியோவில் பயிற்சி அளித்தார்கள். அவர்களில் பலர் கையாண்ட சூப்பர் ஐகாண்டா காமிரா, எதிரி நாடான ஜெர்மனியில் செய்யப்பட்டது என்பது ஒரு வேடிக்கை.

அவர்களுள் மைக் லூயிஸ் என்ற சார்ஜென்ட், 1944இல் ஆர்ன்ஹெம் போரில் பாராசூட் படையுடன் இறங்கியவர். 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் சிறை முகாம் விடுவிக்கப்பட்டபோது, அங்கே குவிந்து கிடந்த ஆயிரக்கணக்கான பிணங்களைப் படம் எடுக்க வேண்டிய கடமை அவருக்கும் அவருடைய தோழர்களுக்கும் நேர்ந்தது. லூயிசின் பெற்றோர் போலந்திலிருந்து வந்த யூதர்கள். பெற்றோரின் இனத்தாருக்கு நேர்ந்த கொடுமையையே அவர் காமிராவின் வழியாகப் பார்க்க வேண்டியிருந்தது. அப்பிரிவினர் எடுத்த படம் அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய போர்க்குற்ற வழக்கில் சாட்சியமாகக் காட்டப்பட்டது. முதுமையில் இவ்வீரர்கள் சொன்ன நினைவுகளை லண்டனிலுள்ள போர் அருங்காட்சியகம் ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறது.

வானத்துக் காமிரா

நம் நாட்டில் இப்பணியின் பெரும்பங்கு வானத்திலேயே நடந்தது. ஆக்ராவில் இருந்த 106ஆம் ஸ்குவாட்ரன் கான்பரா விமானங்களைக் கொண்டு உளவுப் படங்கள் எடுத்தது. இந்த விமானங்களில் துப்பாக்கியும் இல்லை, குண்டும் இல்லை, காமிராக்களே உண்டு. கான்பரா 1957இல் நம் படையில் சேர்ந்து, 50 ஆண்டுகள் உழைத்து, 2007இல் ஓய்வு பெற்றது.

அதில் பறந்தவர்களுள் முதலில் சொல்லத்தக்கவர் ஜக் மோகன் நாத். 1962 போருக்கு முந்தைய ஆண்டுகளில் அக்சாய் சின், திபெத் பகுதிகளின் மேல் பறந்து படம் எடுத்தவர். 1965 போரில் லாகூருக்குக் கிழக்கே உள்ள இச்சோகில் கால்வாய்ப் பகுதியைப் படம் பிடித்தார். மகாவீர் சக்ர விருதை 1962இலும் 1965இலுமாக இரு முறை பெற்றார். அவ்விருதை இரு முறை பெற்ற முதல் வீரர் அவரே. அவர் செய்தது இரகசியப் பணியாதலால் பல ஆண்டுகள் வெளியே பேச இயலவில்லை. முதுமையில் அளித்த பேட்டிகளில், எல்லைக்கு அப்பால் சீனப் படை குவிவதைத் தம் படங்கள் முன்கூட்டியே காட்டியதை நினைவுகூர்ந்தார். 2023இல் மறைந்தார்.

1971 போரில் அதே ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கி மகாவீர் சக்ர விருது பெற்றவர் ரமேஷ் சகாராம் பெனகல். பர்மாவில் வாழ்ந்த இவர், இளம் வயதில் நேதாஜியின் ஆசாத் ஹிந்த் இயக்கத்தில் சேர்ந்து, ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்ட மாணவர்களுள் ஒருவர்.

படத்தின் கணக்கு

இனி நம் பாடத்துக்கு வருவோம். வானத்திலிருந்து நேர்கீழாக எடுத்த படத்தின் அளவை அறிய ஒரே விதிதான்: லென்சின் குவியத் தூரத்தை விமானத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். 36 அங்குலக் குவியத் தூரமுள்ள லென்சு, 36,000 அடி உயரத்தில் பறக்கும் விமானம் என்று கொள்வோம். 36 அங்குலம் என்பது 3 அடி. 3ஐ 36,000ஆல் வகுத்தால் 12,000இல் ஒரு பங்கு. தரையில் 24 அடி நீளமுள்ள லாரி, பிலிமில் சுமார் 0.6 மில்லிமீட்டர். அதாவது கடுகைவிடச் சிறியது! அந்தக் கடுகைப் பார்த்து, இது லாரியா, வைக்கோல் வண்டியா என்று சொல்ல வேண்டும்.

விமானம் ஓடிக்கொண்டே இருக்கிறதே, படம் கலங்காதா என்று கேட்கலாம். மணிக்கு 720 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 200 மீட்டர். காமிராவின் ஷட்டர் வினாடியில் 500இல் ஒரு பங்கு நேரமே திறந்திருந்தாலும், அதற்குள் விமானம் 40 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். மேற்சொன்ன அளவில் பிலிமில் அது சுமார் 0.03 மில்லிமீட்டர்தான். எனவே படம் பிழைத்துக்கொள்கிறது.

அடுத்தடுத்த இரு படங்கள் 60 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுப்பது வழக்கம். அப்போது தரையின் ஒவ்வோர் இடமும் இரண்டு படங்களிலாவது, இரு வேறு கோணங்களில் அமையும். அவ்விரண்டையும் ஸ்டீரியோஸ்கோப்பின் அடியில் வைத்து, இடக்கண்ணால் ஒன்றையும் வலக்கண்ணால் மற்றொன்றையும் பார்த்தால், தட்டையான காகிதத்திலிருந்து குன்றும் கட்டடமும் எழுந்து நிற்கும். நம் இரு கண்கள் ஆழத்தை அறிவதும் இதே முறையில்தான்.

நிழலும் ஒரு சாட்சி. சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும்போது சமதரையில் விழும் நிழலின் நீளமே பொருளின் உயரம். மற்ற நேரங்களில் நிழலின் நீளத்தைச் சூரியக் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்க வேண்டும். பள்ளியில் மனப்பாடம் செய்த முக்கோணவியல் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதோ விடை.

இருட்டறை

வானத்தில் பறந்தவர்களுக்கு விருதுகள் கிடைத்தன. தரையில் இருட்டறையில் நின்றவர்களை யாரும் அறியார். எங்கள் தாத்தா அவர்களில் ஒருவர்.

விமானம் இறங்கியதும் பிலிம் சுருள் இருட்டறைக்கு ஓடும். டெவலப்பர் கரைசல், ஒளி பட்ட வெள்ளி உப்பைக் கரிய வெள்ளித் துகளாக மாற்றும். ஹைப்போ என்னும் சோடியம் தயோசல்பேட், ஒளி படாத உப்பைக் கரைத்து நீக்கும். பிறகு நீரில் நெடுநேரம் அலசி உலர்த்த வேண்டும். சாதாரண போட்டோ ஸ்டூடியோவில் காகிதப் பிரதி போடும்போது சிவப்பு விளக்கு எரியும். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் பிலிமுக்கு அந்த விளக்கும் ஆகாது. கும்மிருட்டில் கைவிரல்களே கண்கள். சுருளின் எந்தப் பக்கம் மருந்து பூசிய பக்கம் என்பதைக்கூட விரலால் தடவியே அறிய வேண்டும்.

இதைக் கேட்டபோது எனக்கு என் தந்தையார் நினைவு வந்தது. பாவில் ஓர் இழை அறுந்தால், பார்ப்பதற்கு முன்பே அவர் விரல் அறிந்துவிடும். சேலையின் ஜரிகையிலும் வெள்ளி, பிலிமிலும் வெள்ளி. இதைத் தாத்தாவிடம் சொன்னேன். "அப்பன் நெய்யற சேலையிலும் பேரு கிடையாது, நான் கழுவின படத்திலும் பேரு கிடையாது" என்று சிரித்தார். பதினைந்து ஆண்டுகளில் ஆயிரமாயிரம் படங்களைக் கழுவியவரிடம் இன்று அவற்றில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் இரகசியம். என்ன வேலை என்று மனைவி கேட்டபோதெல்லாம், "பாத்திரம் கழுவுற மாதிரி" என்றுதான் சொல்லிவந்தாராம்.

மறவாத ஒரு படம்

ஒரு மாலை, "மறக்க முடியாத படம் எது, தாத்தா?" என்று கேட்டேன். அவர் உடனே விடை சொல்லவில்லை.

1971 டிசம்பரில் அவர் கையில் வந்த ஒரு படம். எல்லைக்கு அப்பால் ஓர் ஆறு, ஒரு பாலம், பாலத்தருகே ஒரு சிற்றூர். ஏரிக்கரை, களத்துமேடு, மரத்தடி, ஆற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. "அப்படியே நம்ம கலசப்பாக்கம், தம்பி. எங்க தெருவைத் தேடினேன்" என்றார். சில நாள்களுக்குப் பின் அதே இடத்தின் இன்னொரு படம் வந்தது. பாலம் இல்லை. ஊர் இருந்த இடத்தில் ஒரு பாதி கரும்புகையில் மறைந்திருந்தது. வேலை முடிந்ததென்று மற்றவர்கள் மகிழ்ந்தார்கள். தாமும் மகிழ்ந்ததாகவே சொன்னார். பிறகு, "அந்தப் புகைக்கு அடியில் ஜனம் இருந்துச்சா, முன்னாடியே போயிட்டாங்களான்னு இன்னி வரைக்கும் தெரியல. படம் கழுவினவன்கிட்ட யாரு வந்து சொல்லப் போறாங்க?" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதுவரை நான் 12,000இல் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டு மகிழ்ந்துகொண்டிருந்தேன். அந்த அளவில் ஒரு மனிதன் பிலிமில் எவ்வளவு இருப்பான் என்று அன்றிரவு கணக்கிட்டுப் பார்த்தேன். மேலிருந்து நோக்கினால் தோள் அகலம் ஒன்றரை அடிதான். விடை, 0.04 மில்லிமீட்டர். படம் கலங்கும் அளவும் ஏறக்குறைய அதுவே. ஆகவே மனிதன் அதில் தெரிய மாட்டான். தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடுமா? பாடப்புத்தகத்தில் இல்லாத இவ்வினாவைப் படிப்பறையில் அல்ல, ஒரு திண்ணையில் கற்றேன்.

முடிவுரை

படம் பொய் சொல்வதில்லை என்பார்கள். அது எல்லாவற்றையும் சொல்வதும் இல்லை. பெல்சனில் எடுத்த படம் நீதிமன்றத்தில் பேசியது. நாத் கொண்டுவந்த படங்கள் போருக்கு முன்பே எச்சரித்தன. தாத்தா கழுவிய படமோ, ஒரு கேள்வியை மட்டும் அவர் கையில் விட்டுச் சென்றது. காமிரா ஒளியைப் பதிவு செய்யும். அதற்குப் பொருள் காண்பது மனிதன் கடமை.

தாத்தாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. பார்வை மங்கி வருகிறது. முகத்தைவிடக் குரலைக் கொண்டே என்னை அடையாளம் காண்கிறார். நம் பகுதியில் படையில் பணியாற்றித் திரும்பிய பெரியவர்கள் பல ஊர்களிலும் உள்ளனர். லண்டன் அருங்காட்சியகம் தம் வீரர்களின் குரலைப் பதிவு செய்ததைப் போல, நம் ஊர்ப் பெரியவர்களின் குரலை நாமே பதிவு செய்யலாம். அதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் போதும்.

சென்ற பொங்கலன்று தாத்தாவைத் திண்ணையில் அமர்த்தி ஒரு படம் எடுத்தேன். பெரிதாகப் பிரதி போட்டுக் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்தவர், "பின்னால பேரு எழுது" என்றார். தம் பெயரைத்தான் சொல்கிறார் என்று எண்ணி எழுதத் தொடங்கினேன். "என் பேரு எதுக்கு? எடுத்தவன் பேரை எழுது, தம்பி" என்றார்.