ஆட்டு மந்தையில் வளர்ந்த புலிக்குட்டி: ஒரு கதையும் அதைச் சொல்லும் மரபும்



ஞாயிற்றுக்கிழமைச் சமய வகுப்பில் தேவாரம் பாடி முடித்ததும் பிள்ளைகள் எழுந்து ஓடாமல் இருக்க ஆசிரியர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். ஒரு கதை சொல்ல வேண்டும். 1980களில் நெகிரி செம்பிலானில் லாபு, நீலாய் பக்கத்துத் தோட்டக் கோயில்களில் வகுப்பெடுத்த அடியேனும் அப்படித்தான் செய்தேன். அதிகமாகச் சொன்னது, ஆட்டு மந்தையில் வளர்ந்த புலிக்குட்டியின் கதை.

கதை அன்பர்கள் அறிந்ததே. கருவுற்ற பெண்புலி ஒன்று ஆட்டு மந்தையின்மீது பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் குட்டியை ஈன்று தான் இறந்தது. குட்டி ஆடுகளோடு வளர்ந்து புல் தின்றது, ஆடு போலவே கத்தியது. பிறகு ஒரு நாள் அதே மந்தையைத் தாக்க வந்த காட்டுப்புலி, புல் தின்னும் புலியைக் கண்டு திகைத்தது. அதைப் பிடித்து நீர்நிலைக்கு இழுத்துப் போய், ‘உன் முகத்தைப் பார், என் முகத்தைப் பார்’ என்றது. இறைச்சித் துண்டு ஒன்றை வாயில் திணித்தது. முதலில் மறுத்துக் கத்திய குட்டிக்கு மெல்ல மெல்லச் சுவை தெரிந்தது. ‘நீ வேறு, நான் வேறு அல்ல, வா காட்டுக்கு’ என்று அழைத்தது பெரிய புலி.

இது பகவான் ஸ்ரீ ராமகிருஷ்ணர் சொன்ன வடிவம். அவருடைய உரையாடல்களை ‘ம’ என்று கையெழுத்திட்ட மகேந்திரநாத குப்தர் குறித்து வைத்து, வங்க மொழியில் 1902 முதல் 1932 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டார். சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டில் இதைச் சொன்னபோது புலி சிங்கமாயிற்று, ஆடு செம்மறியாயிற்று. இறைச்சி போய்விட்டது. தண்ணீரில் தன் உருவத்தைப் பார்த்ததும் சிங்கம் கர்ஜித்தது என்று அவர் முடித்தார். குருவின் கதை அழைப்போடு முடிய, சீடரின் கதை கர்ஜனையோடு முடிந்தது. நம் மேடைப் பேச்சாளர்கள் கர்ஜனையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கைதட்டல் அங்கேதானே கிடைக்கிறது!

அந்தக் கைதட்டலுக்கு அடியேனும் ஆசைப்பட்டேன். ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவில், தேர்வில் நல்ல புள்ளிகள் எடுத்த பிள்ளைகளுக்குப் பரிசு வழங்கினார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். ‘நீங்கள் புலிகள். லயத்துக்குள் ஆடாகக் கிடந்தது போதும். கத்துவதை நிறுத்துங்கள், கர்ஜியுங்கள்’ என்றேன். பெற்றோர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மதியம்வரை பால் வெட்டி, வாளி சுமந்து, குளித்து விபூதி பூசி வந்தவர்கள். அவர்களும் சிரித்துக்கொண்டே கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு, பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பரிசுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி வந்து கேட்டாள்: “ஐயா, அந்தக் குட்டிக்குப் பால் கொடுத்த ஆட்டம்மா என்ன ஆச்சு?”

‘கதையில் அது வராதம்மா’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி உடன் வந்தது. கை தட்டியவர்களுள் அவளுடைய தாயும் ஒருத்தி.

கதையில் அது வரவில்லை என்பது மெய்தான். ஏன் வரவில்லை என்பதைத்தான் அதன்பின் படித்துப் பார்த்தேன்.

விலங்குக் கதைகளுக்கென்று ஒரு சிக்கனம் உண்டு. குணத்தைச் சொல்ல நேரம் செலவிடுவதில்லை. ‘நரி’ என்றதும் தந்திரம் வந்துவிடுகிறது, ‘ஆடு’ என்றதும் சாது வந்துவிடுகிறது. உண்மையைக் காட்டிக் கொடுக்கும் வேலையை இக்கதைகள் பெரும்பாலும் குரலிடமே கொடுக்கின்றன. பஞ்சதந்திரத்தில் சாயத் தொட்டியில் விழுந்த நரி, நீல நிறத்தைக் காட்டி அரசனாகிவிடுகிறது. மற்ற நரிகள் ஊளையிட்டதும் தன்னையறியாமல் தானும் ஊளையிட்டு அகப்பட்டுக்கொள்கிறது. புலித்தோல் போர்த்திய கழுதையும் தன் குரலாலேயே கெட்டது.

அதே நூலின் நான்காம் தந்திரத்தில் நம் கதைக்கு நேர் எதிரான கதை ஒன்று இருக்கிறது. சிங்கம் ஒன்று கொல்ல மனமில்லாமல் நரிக்குட்டியைக் கொண்டுவருகிறது. பெண்சிங்கம் அதைத் தன் இரு குட்டிகளோடு மூன்றாம் பிள்ளையாகப் பாலூட்டி வளர்க்கிறது. யானையைக் கண்டதும் சிங்கக்குட்டிகள் பாயப் பார்க்கின்றன, நரிக்குட்டி ஓட்டம் பிடிக்கிறது. வளர்த்தவள் அதைத் தனியே அழைத்து, ‘நீ பிறந்த குலத்தில் யானையைக் கொல்லும் வழக்கமில்லை. என் பிள்ளைகள் அறியுமுன் உன் இனத்தாரிடம் போய்ச் சேர்’ என்கிறாள். இதுவும் தன்னை அறியும் கதைதான். ஆனால் அரசநீதிக் கதை. பிறப்பு மாறாது என்பது அதன் தீர்ப்பு. இந்தத் தீர்ப்போடு எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே வளர்த்த தாய்க்கு வாய் இருக்கிறது, இரக்கம் இருக்கிறது. புலிக்குட்டிக் கதையில் ஆட்டுக்கு இரண்டும் இல்லை.

காரணம், அது ஆட்டைப் பற்றிய கதையே அல்ல. அதன் மூத்த வடிவங்களில் விலங்கே கிடையாது. சாங்கிய சூத்திரத்தின் நான்காம் அத்தியாயம் கதைகளைக் கொண்டே தத்துவம் உரைப்பது. அதன் தொடக்கமே, பிறர் வளர்த்த அரசகுமாரன் உண்மையைக் கேட்டுத் தெளிந்தது போல என்னும் உவமைதான். பிருகதாரண்யக உபநிடத உரையில் ஆதிசங்கரரும் வேடர் வீட்டில் வளர்ந்த அரசகுமாரனைச் சொல்கிறார். கருணையுள்ள ஒருவர் ‘நீ வேடன் அல்லன், அரசன் மகன்’ என்று சொன்னதும் அவன் தன் நிலையை உணர்கிறான்.

சைவர்களாகிய நமக்கு இது இன்னும் நெருக்கம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரம் இந்த உவமையையே ஆள்கிறது. வேடர் யார் என்பதில் அவர் சந்தேகமே வைக்கவில்லை. ஐம்புலன்களே வேடர். அவர்களிடையே வளர்ந்து தன்னை மறந்த உயிருக்கு, இறைவனே குருவாகி வந்து உணர்த்துகிறான். உணர்ந்த உயிர் அரன் திருவடியைச் சேர்கிறது.

புலிக் கதையில் முடிவு வேறு. குட்டியும் பெரிய புலியும் ஒரே இனம், ஆகவே அது அத்துவைதத்துக்கு இசையும். சித்தாந்தத்தில் உயிர் திருவடியை அடைகிறதேயன்றிச் சிவமாகிய பொருளாகவே ஆகிவிடுவதில்லை. இதைப் பிள்ளைகளிடம் விரிக்க வேண்டியதில்லை, சொல்லித்தருகிற ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இறைச்சியைப் பற்றியும் ஒரு சொல். கோயிலில் சொல்கிற கதையாயிற்றே என்று பலர் அதை நீக்கிவிடுகிறார்கள். நானும் நீக்கிப் பார்த்தேன், ஏதோ குறைந்தது. தண்ணீரில் முகம் பார்ப்பது கேள்வி ஞானம். பார்த்த பிறகும் குட்டி ஆடு போலத்தான் கத்துகிறது. வாயில் வைத்து, துப்பப் பார்த்து, மெல்லச் சுவை பிடிபட்டபின்தான் மாறுகிறது. பரமஹம்சர் இதைத் தெரியாமல் வைக்கவில்லை. சாங்கிய அரசகுமாரனுக்குச் சொல்லே போதுமானதாக இருந்தது. நம்மைப் போன்றவர்களுக்குச் சொல்லோடு பழக்கமும் வேண்டும் என்று அவர் கண்டிருக்கிறார்.

இப்போது அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருகிறேன். கேட்பவர் யாராயினும் அவரே குட்டி என்பது இக்கதையின் எழுதாத விதி. கேட்கும் கூட்டத்தில் ஆடு யாரும் இல்லை. முன்வரிசைப் பிள்ளை புலி என்றால் பின்வரிசையில் இருந்த தாயும் புலிதான். நான் என்ன செய்தேன்? புலனுக்கும் மயக்கத்துக்கும் உரிய ஆட்டு வேடத்தைத் தூக்கி மனிதர்களுக்கு மாட்டினேன். அதுவும் எப்படிப்பட்டவர்களுக்கு! பால்மரக் காட்டிலே உழைத்து, சம்பளத்தில் சந்தா பிடித்துக் கோயில் கட்டி, தமிழ்ப்பள்ளியைக் காத்தவர்களுக்கு.

வேறு நாட்டில் வேறு ஊரில் இந்தப் பிழை இவ்வளவு உறுத்தாமல் போயிருக்கலாம். தோட்டத்துப் பிள்ளை புலியைக் கண்டதில்லை. நாட்டுச் சின்னத்திலும் பந்தாட்டக்காரர் சட்டையிலும்தான் பார்த்திருக்கும். மலாயாப் புலி இன்று காட்டில் 150க்கும் குறைவு என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். ஆடு அப்படியா? லயத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும், அதற்குப் பெயர்கூட உண்டு, முனியாண்டி பூசைக்கு நேர்ந்துவிட்ட கடா எது என்றும் தெரியும். ஆகவே அந்தப் பிள்ளைக்குக் கதையில் உயிருள்ள பாத்திரம் ஆடுதான்.

நான் வகுப்பெடுத்த தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிறகு சிலவற்றில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. குடும்பங்கள் சிரம்பானுக்கும் செனவாங்குக்கும் குடிபெயர்ந்தன. அடுக்குமாடியில் வளரும் பேரப்பிள்ளைகளுக்கு ‘பெரட்டு’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்குப் பரிசளிக்கும் நூல்களுக்குப் பொருளுதவி செய்யும் அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம் வைப்பேன். இக்கதை இருந்தால், ஆட்டை எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

அடியேன் இன்றும் இதைச் சொல்கிறேன். பரமஹம்சரின் அழைப்போடுதான் முடிக்கிறேன், கர்ஜனை சேர்ப்பதில்லை. ஆனால் ஒரு வரியைக் கூட்டிக்கொள்கிறேன். காட்டுக்குள் நுழையுமுன் குட்டி ஒரு தடவை திரும்பி, தனக்குப் பால் கொடுத்த ஆட்டைப் பார்த்தது என்று. மகான் சொன்ன கதையில் கை வைக்கலாமா என்று சில பெரியவர்கள் கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் கோபம் நியாயமானதே. இருந்தாலும் அந்த வரியை விட எனக்கு மனம் வரவில்லை.